அறுநூறு நொடி

வெளியே மைனஸ் பதினேழு.
எமாயிகி ஆறு உறைந்து கிடக்க
அதன்மேல் யாரோ சைக்கிள் மிதித்துப் போன தடம்.
தார்த்து நகரத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
இந்த அறையில் மட்டும் வருடம் முழுக்க இருபத்தெட்டு டிகிரி.
கோட்டைக் கழற்றி, ஸ்வெட்டரைக் கழற்றி,
கடைசியில் பேச்சையும் கழற்றி மாட்டிவிட்டு
உள்ளே வருவார்கள் ஆய்வாளர்கள்.

நான் கேரட் நறுக்குகிறவள்.
சம்பளப் பட்டியலில்: தொழில்நுட்ப உதவி, அரை நாள்.
முட்டை அட்டை மாற்றுவேன், ஈரப் பஞ்சு வைப்பேன்,
செத்ததை எண்ணுவேன்.

சோதனை எளிது.
ஒரு சுவர்க்கோழி, ஒரு கண்ணாடிக் குழாய்,
ஒரு முனை அடைப்பு, மறுமுனை திறப்பு.
சிவப்பு விளக்கு:
அதற்கு அது இருட்டு, நமக்கு வெளிச்சம்.
தலை எப்போது வெளியே வருகிறது?
முந்தி வந்தவை நீலப் பெட்டிக்கு,
தயங்கியவை மஞ்சளுக்கு.
நீலத்துக்குள் நீலம், மஞ்சளுக்குள் மஞ்சள்,
நாற்பத்தோரு தலைமுறையாக வெளியே சம்பந்தம் கிடையாது.

இப்போது நீலத்தின் பிள்ளைகள்
குழாயை மேசையில் வைப்பதற்குள் பாதி உடம்பு வெளியே.
ஹெல்வே அதை வரைந்தாள்:
ஒரே புள்ளியில் பிறந்த இரண்டு கோடுகள்
பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பி போல
முகம் திருப்பிப் போகின்றன.

பல்லியை விட்டுப் பார்த்த வருடம்
துணிந்தவை முதலில் இணைந்தன, முதலில் செத்தன.
பயந்தவை பட்டினியோடு பிழைத்துக் கிடந்தன.
"அப்படியானால் யாருக்கு வெற்றி?"
செய்தியாளர் பெண் கேட்டாள்.
"எந்த வருடம் என்று சொல்லுங்கள்" என்றார் தாவெத்.
அந்த வரியை அவள் அச்சிடவில்லை.

பூச்சிக்கு நாற்பத்தோரு தலைமுறை.
அதே காலத்தில் எங்களுக்கு ஏழு ஒப்பந்தம்,
சொல்லாமல் போன இரண்டு பேர், ஒரு விவாகரத்து,
எவரும் உரிமை கோராத ஒரு ஜோடிப் பனிச்சறுக்குப் பலகை.

மஞ்சளுக்கு ஒரு வரம்பு உண்டு. அறுநூறு நொடி.
அதற்குள் வராததற்கும் அறுநூறு என்றே எழுதுவோம்.
அறுநூற்றொன்றில் வந்திருக்கக்கூடியதும்
எந்நாளும் வராததும்
ஒரே எண்ணுக்குள்.
காத்திருக்கப் பணம் வேண்டும் என்பார் தாவெத்,
நியாயம்தான்.

ஜனவரியில் ஒரு வியாழன்.
மஞ்சள் நானூற்றுப் பதினேழு.
மணி அடித்தது. ஹெல்வே 600 என்று எழுதினாள்.
குழாயை எடுக்கவில்லை.
கைபேசி மாலையிலிருந்தே குப்புறக் கிடந்தது;
நிதிக் குழுவின் பதில் அன்றைக்கு வரவேண்டியது.
"நீ கிளம்பு" என்றாள்.
நான் கிளம்பவில்லை. பேருந்தும் போயிருந்தது.

ஒரு மணி நேரம்.
என்னிடம் இருந்த கறுப்பு ரொட்டியைப் பிட்டுத் தின்றோம்.
நீலப் பெட்டியில் எவனோ ஒருவன்
விடாமல் கத்திக்கொண்டிருந்தான்.

ஒன்றேமுக்கால் மணியில் ஓர் உணர்கொம்பு.
உணர்கொம்பு கணக்கில் சேராது.
காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.
நாங்கள் மூச்சை அடக்கியிருந்தது
மூச்சு விட்டபோதுதான் தெரிந்தது.

மூன்று மணி பதினொரு நிமிடம்.
முன்கால். பிறகு தலை. பிறகு முழுசும்.
ஓடவில்லை.
விளிம்பில் நின்று உணர்கொம்பை வாயில் இழுத்துத் துடைத்தது,
எங்கோ விசேஷத்துக்குக் கிளம்புவது போல.

ஹெல்வே கட்டங்களைத் தேடினாள்.
இதற்கென்று ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் நேரத்தை எழுதி
தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள்.
கைபேசியைத் திருப்பவில்லை;
அப்படியே பைக்குள் சரித்தாள்.

கட்டுரை மே மாதம் வந்தது.
ஹெல்வே இப்போது பியார்னு பக்கம் ஒரு பள்ளியில்.
பென்சில் குறிப்பைக் கணினியில் ஏற்ற
யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்.

மூன்றாம் படத்தில்,
மேல் விளிம்பையொட்டி, ஒன்றையொன்று மறைத்தபடி
நூற்றுப்பதினாறு மஞ்சள் புள்ளிகள்.
எல்லாம் அறுநூறு.