லா, முதல் இதழ்

விளம்பரத்தையும் சேர்த்துப்
பதினேழு பக்கம் வந்துவிட்டது என்றேன்.
பதினாறுதான் மடியும் என்றார் அச்சகக்காரர்.
தாளுக்கு நான்காம் வாய்ப்பாடு மட்டும்தான் தெரியும்.

ரோஸ் ஹில் பேருந்து நிலையத்துக்கு எதிரே
டால் பூரிக் கடையின் மூலை மேசை.
எண்ணெய் படிந்த காகிதத்தை மடித்து
எண் போட்டுக் காட்டினேன்:
ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு,
எட்டும் ஒன்பதும் நடுவில்.
அனாயிஸ் தன் பாடகியை நடுவில் கேட்டாள்.
மூக்கில் பின் குத்தும், பரவாயில்லையா என்றேன்.
யோசித்தாள்.
முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தேன் என்றாள்.

பெயருக்கு மட்டும் மூன்று வாரம்.
லுவிஷன் சொன்னதெல்லாம் செருப்பு விளம்பரம்போல் இருந்தது.
கடைசியில் "லா".
வயலினும் கிதாரும் சுருதி கூட்டிக்கொள்ளும் ஸ்வரம்.
கிரியோலில் "இங்கே".
சனிக்கிழமை வகுப்பில் கற்ற எழுத்தில்
பெரிதாக வரைந்து நீட்டினேன்.
இது நத்தையா, காதா என்றான் ஜாஹிர்.
காதுதான் என்றேன், அதுவரை எனக்கே தெரியாது.
பக்கத்தில் நிற்பது?
அதற்குப் பெயர் துணைக்கால்.
காதும் காலும் போதுமே பாட்டுக்கு என்றான்.
அட்டை முடிந்தது.

அவனே ரவானை பற்றி இரண்டு பக்கம் எழுதினான்,
தோலைத் தீயில் காய்ச்சுவது பற்றி மட்டும் ஒன்றரை.
வெட்டினேன். மூன்று நாள் பேசவில்லை.
நான்காம் நாள், என் பெயரையாவது
பெரிய எழுத்தில் போடு என்றான்.

யார் படிக்கப்போகிறார்கள் என்று
ரெதுயி வளாகத்தில் சீட்டு கொடுத்துக் கேட்டிருந்தோம்.
தொண்ணூற்று நான்கு திரும்பி வந்தன.
பாதிப்பேருக்குக் கச்சேரித் தேதி போதும்.
ஏழு பேருக்கு ராசிபலன் வேண்டும்.
ஒன்று பென்சிலில், பெயரில்லாமல்:
"நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும்
காதுக்குள் ஒரு விசில்.
எல்லோருக்கும் அப்படியா?"

அந்தச் சீட்டோடு
ஒலிப்பெட்டி அடுக்கும் கிஸ்லேனைத் தேடிப் போனேன்.
பதினெட்டு வருடம்: கல்யாணம், கடற்கரை ஓட்டல், தேர்தல்.
வலப்பக்கம் உட்கார் என்றார்,
இடக்காது ஓய்வு பெற்றுவிட்டதாம்.
உங்கள் விசில் எந்த ஸ்வரம் என்று கேட்டேன்.
யாரும் கேட்டதில்லைபோல. கிதாரை எடுத்து
தந்தி தந்தியாகத் தேடினார், வெகுநேரம்.
"மி. கொஞ்சம் ஏறிய மி.
மின்விசிறி போட்டால்தான் தூக்கம்."

அதுதான் பதினேழாம் பக்கம்.

பின்னட்டையை ஹெட்போன் கடை வாங்கியிருந்தது,
பன்னிரண்டாயிரம் ரூபாய்,
"இன்னும் சத்தமாக!" என்ற வாசகத்தோடு.
கடைக்காரர் எங்கள் பொருளடக்கத்தைப் படித்தார்.
கோபப்படவில்லை. காசோலைமேல் விரலை வைத்து,
ஒன்று அது, இல்லையென்றால் நான் என்றார்.
ராசிபலனைத் தூக்கிவிடலாமே என்றான் லுவிஷன்.
அதை எப்போதோ தூக்கியாயிற்று.
வெளியே மழை.
யாரும் வீரமாக எதுவும் சொல்லவில்லை.
வண்ணம் இல்லாமல் என்ன விலை என்று
அனாயிஸ்தான் அச்சகத்துக்கு போன் போட்டாள்.

பதினேழு பதினாறானது இப்படித்தான்.
கிஸ்லேன் பின்னட்டைக்குப் போனார்.
கறுப்பு மை, முந்நூறு பிரதி.
ஒரு நாள் காயவிடுங்கள் என்றார் அச்சகக்காரர்.
ஒரு நாளா? நாளை திங்கள்.

காலைப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை நனைந்திருந்தது.
வெள்ளைக் கால்சட்டைக்காரன் ஒருவன்
எங்கள் இதழை, அட்டை மேலாக,
அதில் வைத்து உட்கார்ந்தான்.
மூன்று இருக்கை பின்னால் நான்.
இருநூற்று தொண்ணூற்று ஒன்பது என்று
மனதுக்குள் கழித்துக்கொண்டேன்.

ரெதுயியில் எழுந்தான்.
உதறினான். போட்டுவிட்டுப் போகவில்லை,
மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.
படியிறங்கிக் கூட்டத்துக்குள் நடந்தவனின் பின்புறத்தில்
எங்கள் எழுத்து, கண்ணாடியில்போல் திரும்பி:
கால் முன்னே,
காது பின்னே.