சிவப்பில் பேசாத பூ

ஏழு மாதமாக ஜெல்லியைத்தான் படம் பிடித்தோம்.
சிவாஜிநகர் ஃபலூடாக் கடைக்காரரிடம் வாங்கிய கடல்பாசி,
ஒரு சொட்டு மை, நடுவே நைலான் நூல்.
பிறகு மத்திகெரேயில் எடைபோட்டு வாங்கிய
கோழி நெஞ்சு.
இன்று என் கை.

வேறு ஆள் கிடைக்கவில்லை என்றாள் சைத்ரா.
படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு
தொட்டியின் வெதுவெதுப்பில்
முழங்கைவரை இறக்கினேன்.

மேலே நகக்கண் அளவு கண்ணாடிச் சில்லு.
அதில் தூண்கள்.
ஒரு தலைமுடியின் அகலத்துக்குள்
இருநூறு நிற்கும்.
போகிற ஒளியை மடக்கி அனுப்பும்,
வருகிற ஒலிக்கு நடுங்கிக்கொடுக்கும்.
இரண்டு வேலை, ஒரே சம்பளம்,
என்னைப் போல.

ஒளி உள்ளே போய்ச் சுடுகிறது.
சுடுகிறது என்பதுகூடப் பெரிய வார்த்தை,
ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு.
அதற்கே ரத்தம் விம்மி
ஏதோ முனகுகிறது.
நம் காதுக்கு எட்டாத முனகல்.

பச்சை லேசரில் முதலில் வந்தது பூ.
ஐந்து இதழ்ச் செம்பருத்தி,
மெஜஸ்டிக் பக்கம் ஒரு மாடியறையில் குத்திக்கொண்டது.
'சென்னாகிதே' என்றாள்.

பிறகு சிவப்புக்கு மாற்றினாள்.

சிவப்பு மை சிவப்பு ஒளியை விழுங்காது.
விழுங்காதது சூடாகாது,
சூடாகாதது வாய் திறக்காது.
பூ அடங்கிப்போயிற்று.
அதன் அடியிலிருந்து
வரி வரியாக ஏறி வந்தது
கறுப்பு மை.

நான்கு எழுத்து.
மறைப்பதற்கு அன்று
மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்திருந்தேன்.

சைத்ரா தீர்த்தஹள்ளிக்காரி,
தமிழ் படிக்கத் தெரியாது.
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
ரத்தக்குழாய் இப்படிச் சுழித்துக்கொண்டு போகாதே,
இரைச்சலோ?

வெளியே மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள்.
இந்த ஆய்வகத்தில் எந்தக் குறைக்கும்
அந்த எந்திரத்தைத்தான் சொல்வோம்.
சொன்னேன்.

கடைசி எழுத்தின் தலைக்கு மேலிருந்ததை
பென்சில் முனையால் தொட்டாள்.
இந்தப் புள்ளி மட்டும்
சில்லில் ஒட்டிய தூசி, பாருங்கள்.
துடைத்துவிட்டு இன்னொரு முறை எடுத்துவிடலாம்.

எடுத்தோம்.
புள்ளி அங்கேயே இருந்தது.

துண்டை நீட்டினாள்.
கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டாள்.
விரல் நுனியிலிருந்து தண்ணீர்
தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மாதிரி நாற்பத்தொன்று என்றேன்.