இதர

திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகம்,
டோக்கன் நூற்றுப் பதினேழு.
எனக்கு முன்னால் நின்றவருக்குப் பட்டா,
பின்னால் நின்ற அம்மாவுக்கு வராத உதவித்தொகை.
என் கையில் ஒன்றரைப் பக்கம்:
குகைப் பாலத்துக்குக் கீழே
திருமணிமுத்தாற்றில் இறங்க
பதினொரு படிகள் வேண்டும்.

ரெஜினா மேடம் திரையிலிருந்து நிமிரவில்லை.
'எந்தத் தலைப்பு?'
சாலை இருந்தது. தெருவிளக்கு இருந்தது.
குடிநீர், கழிவுநீர், வாரிசுச் சான்று,
சாய்ந்த மின்கம்பம்கூட இருந்தது.
ஆறு இல்லை.
கொஞ்சம் தேடிவிட்டு
'இதர'வில் போட்டார்.
சேர்வராயன் மலையில் கசிந்து
இவ்வளவு தூரம் வந்த தண்ணீர்
ஒரு சொடுக்கில் அதற்குள் விழுந்தது.

படி எதற்கு என்றார்.
தூண்டில் போட, என்றேன்.
'அதுலயா?'

அதுலதான்.

போன வருஷம்வரை ஒரு சரிவு இருந்தது,
எருமைகள் போட்ட வழி.
பிறகு ஆற்றைக் காப்பாற்ற வந்தார்கள்.
இரண்டு கரையிலும் ஆளுயரச் சுவர்,
சுவர்மேல் கம்பிவலை,
வலைமேல் பலகை:
'நீர்நிலைகளைப் பாதுகாப்போம்.
அத்துமீறி நுழைவோர்மீது நடவடிக்கை.'
கோழிக்கழிவு மூட்டை வலையைத் தாண்டப்
பத்தே நாளில் பழகிவிட்டது.
குழாய்கள் சுவரைத் துளைத்தே வருகின்றன,
டோக்கன் வாங்கி நின்றதாகத் தெரியவில்லை.
உள்ளே போக முடியாதவர்கள்
நானும் ஐயந்துரையும்தான்.

ஐயந்துரை பண்ணவாடிக்காரன்.
வெள்ளம் என்றால் பரிசலுக்குத் தடை,
வறட்சி என்றால் சேறு,
நடுவில் கிடைக்கிற நாட்களில்
துறை ஏலம் எடுத்தவர் கையில்.
இப்போது லீ பஜாரில் மூட்டை தூக்குகிறான்.
பரிசலை மட்டும் விற்கவில்லை,
மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்திருக்கிறான்.
வீட்டுக்காரர் அதைத்
தண்ணீர்த் தொட்டியின் மூடி என்று
நினைத்துக்கொண்டிருக்கிறார்.
ஐப்பசி மழையில் ஆறு இடுப்பளவு வந்த அன்று
சுவரோரம் நின்று சொன்னான்:
'உத்தமசோழபுரம் ஒரு மணி நேரத்துல போயிரலாம்.
எறக்க எடம் எங்கப்பா?'

அதை மனுவில் எழுதினேன்.
இன்னொன்றை எழுதவில்லை.

எனக்கு வேலை சாயப்பட்டறையில்.
பதினாறு வருஷமாகக் கலக்குகிறேன்.
வெள்ளிக்கிழமை என்ன நிறம் போட்டோம் என்று
சனிக்கிழமை ஆறு சொல்லிவிடும்.
ஞாயிறு விடியலில் என் தக்கை,
மயிலிறகுத் தண்டு,
அந்த நிறத்தில்தான் நிற்கும்.
சுவருக்கு முந்தின தையில்
ஒரு கெளுத்தி கடித்தது.
ஒரு சாண், மீசை முழுசாக.
செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ஊதா.
எனக்குத் தெரிந்த ஊதா.
கிலோ நூலுக்கு எத்தனை கிராம் என்றுகூடத் தெரியும்.
முள்ளைக் கழற்றி விட்டேன்.
நீந்திப் போகாமல் கொஞ்ச நேரம்
என் கைக்குள்ளேயே இருந்தது.

மனுவில் அதற்குக் கட்டம் இல்லை என்பது ஒரு காரணம்.
முதலாளி பெயர் இன்னொன்று.
மூன்றாவதை விடுங்கள்.

நாற்பத்தோராம் நாள் பதில்:
'பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது.
மேற்படி இடம் மழைநீர் வடிகால் என
வகைப்படுத்தப்பட்டுள்ளதால்
மீன்பிடித்தல், படகு இறக்குதல்
என்ற கேள்வி எழவில்லை.
மனு முடித்துவைக்கப்படுகிறது.'

ஐயந்துரை எழுத்துக்கூட்டிப் படித்தான்.
'பலகையில நீர்நிலைங்கறான்,
கடுதாசில வடிகாங்கறான்.
வடிகால்னா பலகையக் கழட்டு,
ஆறுன்னா படியக் கட்டு.
ரெண்டுல ஒண்ணு பண்ணச் சொல்லு.'
எனக்குச் சிரிப்பு வந்தது.
வந்த வேகத்தில் நின்றது.

அடுத்த திங்கள், டோக்கன் அறுபத்து நாலு.
இந்த முறை மூன்று பக்கம்.
படி முதல் பக்கத்தில்.
மற்ற இரண்டில் குழாய்கள்,
எந்தச் சுவரில், எந்த மணிக்கு, யாருடையது.
'எந்தத் தலைப்பு?' என்று கேட்டுக்கொண்டே
'இதர'வுக்குப் போனது ரெஜினா மேடத்தின் விரல்.

கழிவுநீர், என்றேன்.

விரல் நின்றது.
நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
மேசைமேல் இருந்த நகங்களைப் பார்த்தார்.