மூன்று பாகை

பூந்தா அரீனாஸில் ஜூன் மாதம்
ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
காற்று மிஞ்சும் நாளில்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தோம்
நானும் நெவென்காவும்
ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மேசைக்கு.

சட்டைப் பொத்தான் அளவு பிளாஸ்டிக் வில்லை,
உள்ளே சோடியம் இருபத்திரண்டு.
வாங்கியபோது நாங்கள் பள்ளியில் இருந்தோம்.
பாதியாகிப் பாதியாகி
இப்போது எட்டில் ஒரு பங்கு.
ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து நிமிடம் காக்க வேண்டும்.
அடுத்த ஆண்டு நிதி வரும் என்கிறது துறை.
வில்லைக்கு அது தெரியாது.

செய்முறைத் தாளில் எல்லாம் எளிது:
பாசிட்ரான் புறப்படும்,
எறும்பின் நீளம்கூடப் போகாது,
ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கும்,
இரண்டும் இல்லாமல் போகும்.
இல்லாமல் போனதற்கு ரசீதுபோல்
இரண்டு காமா கதிர்,
ஒன்றுக்கொன்று முதுகு காட்டி.
கோணம் நூற்றெண்பது.

ஒரு கருவி அசையாது.
மற்றதை நான் நகர்த்த, நகர்த்த
நெவென்கா எண்களைக் கூவினாள்,
அப்பாவின் படகில் நண்டு எண்ணும் குரலில்.
நூற்றறுபத்தைந்தில் பதினொன்று.
நூற்றெழுபதில் நாற்பத்தாறு.
நூற்றெழுபத்தேழில் முந்நூற்றெண்பது.
நூற்றெண்பதில்
இருநூற்றெழுபது.

மறுபடி வைத்தோம். இருநூற்றைம்பத்தெட்டு.
"வர்க்கமூலம் பதினாறுதான்,
இது தற்செயல் இல்லை" என்றாள்.

அடுத்த மேசை எலியேசர்
தன் வரைபடத்தை நீட்டினான்.
கல்யாணக் கேக் மாதிரி, இருபக்கமும் சமமாக,
உச்சி மிகச் சரியாக நூற்றெண்பதில்.
"வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்."
எனக்குக் கை நீண்டது. சொல்லிவிடுகிறேன்.
நெவென்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு
அவள் மேசையில் கன்னம் வைத்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்
கருவிக்கும் கருவிக்கும் இடையே.
"வில்லை நடுவில் இல்லை."

அளவுகோல் வைத்தோம். நான்கு மில்லிமீட்டர்.
கருவிகள் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி.
ரொட்டி சுற்றி வந்த தாளில் முக்கோணம் போட்டோம்:
மூன்று பாகை. ஏறக்குறைய.

வில்லையை நகர்த்தி முதலிலிருந்து எடுக்கலாம் என்றேன்.
இருட்டு, பசி, இன்னும் பன்னிரண்டு புள்ளி.
"நடந்ததை எழுது" என்றாள்,
கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டியபடி.
எழுதினேன். முக்கோணத்தையும் வரைந்தேன்.
கொஞ்சம் பெருமையாகவே.

வெள்ளிக்கிழமை அறிக்கை திரும்பி வந்தது.
முக்கோணத்துக்குப் பக்கத்தில்
யெர்க்கா மேடத்தின் பச்சை மை:
"நான்கு மில்லிமீட்டர், சரி.
எந்தப் பக்கம்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
ஓடிப்போய்ப் பார்த்தோம்.
அதற்குள் யாரோ
வில்லையை நடுவில் வைத்திருந்தார்கள்.