இடப்பக்க மரை

சனிக்கிழமை ஒன்பதரைக்கு
கொச்சிக்கடைக் கோயிலடியில் நிற்கவேண்டும் வண்டி.
பொம்பிளைக்குப் பின்சீற், ரிபன், வெள்ளைத் துணி.
முற்பணம் பன்னிரண்டாயிரம்;
அதில் ஏழு ஏற்கெனவே
பெயாரிங்காய் மாறிவிட்டது.

வெள்ளி பின்னேரம் வெள்ளவத்தை ஒழுங்கையில்
மொரிஸ் மைனரை ஜக்கில் ஏற்றினோம்,
நானும் சுதாமனும்.
(அவன் என் புருசன் இல்லை, பங்காளி.
பாதிக் கடன் அவனுடையது.
முன்வீட்டு மிஸிஸ் வீரக்கொடி இதை நம்புவதில்லை.)
ஐம்பத்தைந்தாம் ஆண்டு வண்டி.
ஸ்ரீ எழுத்து வருமுன் பதிந்த இலக்கத்தகடு,
அதனால் வாடகை கொஞ்சம் கூட.

ஒரு மாதமாய் முன் இடப்பக்கத்தில் ஊளை.
முப்பது மைலுக்கு மேல் தொடங்கும்,
காலிமுகச் சுற்றுவட்டத்தில் வலம் வளைந்தால் கூடும்,
இடம் ஒடித்தால் அடங்கும்.
ஏறியவர்கள் அதைக் கடற்காற்று என்றார்கள்.
நாங்கள் திருத்தவில்லை.

சில்லு வந்தது. டிறம் வந்தது.
கிறீஸ் மூடியை நெம்ப, அது துள்ளிக்
கானுக்குள் விழுந்தது. எடுத்தோம்.
கொட்டர் பின் பாதியில் ஒடிந்தது.
மீதியை ஆணி வைத்துத் தட்டினேன்.
பிறகு நட்.

அசையவில்லை.
ஸ்பானரில் தண்ணீர்க்குழாய் ஒன்றைச் செருகி
அதன்மேல் சுதாமன் ஏறி நின்றான்,
எழுபத்தெட்டுக் கிலோ.
எண்ணெய் விட்டோம். தேத்தண்ணி குடித்தோம்.
சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் பலமுறை ஏசினோம்.
மாத்தறை ரயில் ஒழுங்கை முழுவதையும் உலுக்கிவிட்டுப் போனது,
நட்டைத் தவிர.

ஏழு மணிக்குப் பஞ்சிகாவத்தைக்கு அடித்தேன்.
ரிஸ்மி நானா சாப்பாட்டில் இருந்தது
குரலில் தெரிந்தது.
"எந்தப் பக்கம் தங்கச்சி?"
இடப்பக்கம்.
"அப்ப மத்தப் பக்கம் சுத்துங்க."
வைத்துவிட்டார்.

உருளுகிற திசையிலேயே நட்டும் கழன்று
சில்லு தனியே ஓடிவிடக் கூடாதென்று
யாரோ ஒருத்தன்
இந்தப் பக்கத்து மரையை எதிராக வெட்டியிருக்கிறான்.
இரண்டு மணித்தியாலம்
கழற்றுகிறோம் என்று இறுக்கியிருக்கிறோம்.
சுதாமன் என்னைப் பார்க்கவில்லை.
நான் குழாயைப் பார்த்தேன்,
சற்று வளைந்திருந்தது.

மற்றப் பக்கம் சுற்றினோம்.
முதல் கிறீச்சில் எங்கள் இறுக்கம் போனது,
இரண்டாவதில்தான் வெள்ளைக்காரனுடையது
என்றான் சுதாமன்.

புள்ளர் போட்டு ஹப்பை இழுத்து,
மண்ணெண்ணெயில் கழுவி,
பழைய குண்டுகளைப் பேப்பரில் கொட்டினேன்:
அம்மைத் தழும்பு முகங்கள்.
புதியதில் உள்ளங்கையால் கிறீஸ் அப்பி,
ஹப்பை ஏற்றி, நட்டை
இந்தமுறை சரியான பக்கம் இறுக்க
சில்லு சுற்றவே மறுத்தது.

எதையோ விட்டிருக்கிறோம்.
பேப்பரை உதறினோம், ரயருக்குள் தடவினோம்.
பத்தரை மணி. மிஸிஸ் வீரக்கொடி
இரவு உடுப்போடு டோர்ச் பிடித்து வந்தார்.
மற்றக் கையில், இரண்டு விரல் நுனியில்,
செத்த பல்லியைத் தூக்குவதுபோல்
ஓர் இரும்பு வளையம்.
அவர் கேற்றுக்குக் கீழால் உருண்டு போயிருக்கிறது.
"மேக்க மொகத்த?"
இரண்டு பெயாரிங்குக்கும் நடுவில் இருக்கவேண்டியது என்று
எனக்குச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை.
ஸ்துதி என்றேன். போகவில்லை அவர்.
முடியும்வரை டோர்ச்சைப் பிடித்தபடி நின்றார்,
வெளிச்சம் பாதி நேரம்
சுதாமனின் மோதிர விரலில்.

சனி. பம்பலப்பிட்டியில் பொம்பிளை ஏறினாள்.
காலிமுகத்தில் முப்பதைத் தாண்டினேன்.
ஊளை இல்லை.
அது இல்லாததால் பின்சீற் கேட்டது:
தகப்பனிடம் அவள் தணிந்த குரலில்
"இன்னும் ஒருக்காச் சுத்திப் போகச் சொல்லுங்கோ" என்றாள்.
சுற்றுவட்டத்தை இருமுறை வலம் வந்தேன்.
ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

இடம் ஒடித்து வெளியேறுகையில்
ஊளை இத்தனைநாள் மூடிவைத்திருந்த ஒரு சின்ன டிக் டிக்,
முன் வலப்பக்கத்தில்.

அந்தப் பக்கத்து மரை நேர்.
கராஜ் கதவின் உள்ளே
சோக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன்.