நுழையலாம்

தபால் வண்டி ஓட்டுகிறவள்தான் சொன்னாள்:
கொட்டகையில் ஒரு குதிரை
மூன்று நாளாய் அதே இடத்தில் கிடக்கிறது.
முதல் நாள் தூங்குகிறது என்றே நினைத்தாளாம்.

பிப்ரவரி.
மேற்கு வேல்ஸில் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் நடந்து வருகிறது.
ஜீப்பை வேலிக்கு வெளியே நிறுத்தி
டார்ச்சை எடுத்துக்கொண்டேன்.

கொட்டகைக்கு வாரண்ட் தேவையில்லை.
ஒரு விலங்கு துன்பப்படுகிறது என்று
நியாயமாக நம்பினால் போதும்,
காவலர் நுழையலாம்.
மருத்துவர் சான்றளித்தால் கொண்டுபோகலாம்.
அந்தப் பக்கம் முழுக்க 'லாம்'.
'வேண்டும்' எங்கே என்று
பல இரவுகள் தேடியிருக்கிறேன்.

பழுப்புப் பெண்குதிரை.
குளம்புகள் வெட்டப்படாமல் வளர்ந்து
மேல்நோக்கிச் சுருண்டிருந்தன.
அடிவயிற்றுப் புண்ணில் வைக்கோல் ஒட்டியிருந்தது.
வெளிச்சம் பட்டதும்
ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது.

மருத்துவர் மார்கெட் அப்போது
நாற்பது மைலுக்கு அப்பால்
ஒரு பசுவுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தாள்.
யாரோ போனை அவள் காதில் பிடித்துக்கொண்டார்கள்.
எழுகிறதா? இல்லை.
குடிக்கிறதா?
வாளியைத் தள்ளினேன்.
மூக்கை நனைத்துவிட்டு விலக்கிக்கொண்டது.
"ஒன்றரை மணி நேரம் கொடு."

காத்திருக்கவே முடியாது, வேறு வழியில்லை என்றால்
மருத்துவர் இல்லாமலே முடித்துவிடலாம்.
அங்கேயும் லாம்.
நான் என் கோட்டைக் கழற்றி
அதன்மேல் போர்த்தினேன்.
பாதிகூட மூடவில்லை.

முற்றத்துக்கு அப்பால் சமையலறை,
மஞ்சள் வெளிச்சம்,
உள்ளே ஒரு நாயின் முனகல்.
வாசலை அடைத்தபடி காலுறையோடு இத்வால்.
"உள்ளே நாய் இருக்கிறதா?"
"இருக்கிறது."
"பார்க்கலாமா?"
"கூடாது."
மனிதருக்குச் சட்டம் தெரிந்திருந்தது.
கொட்டகை வேறு, குடியிருக்கும் வீடு வேறு.
மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தில்லாமல்
என் பூட்ஸ் அந்தப் படியைத் தாண்டாது.
சார்ஜென்ட் ஊரெல்லாம் போன் போட்டார்.
மாஜிஸ்திரேட் ஏதோ பிறந்தநாள் விருந்தில்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்:
எட்டு ஐம்பது, முனகல்.
ஒன்பது பத்து, முனகல்.
ஒன்பது நாற்பது, நின்றது.

நின்றது என்ற சொல்லையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
மழை அதன்மேலும் பெய்தது.

மார்கெட் வந்தாள்.
டார்ச்சை நான் பிடிக்க, ஐந்து நிமிடம் தடவிப் பார்த்தாள்,
தலையை அசைத்தாள், ஊசியை எடுத்தாள்.
அந்தக் காது திரும்பியபடியே இருந்துவிட்டது.

இத்வால் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.
பிறகு ஓரமாய் நகர்ந்தார்.
"வா" என்றார்.
வாரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை.

நாய் அடுப்படியில் தூங்கிக்கொண்டிருந்தது.
பெயர் நெல்.
ரோமம் சீவியிருந்தது. நகம் வெட்டியிருந்தது.
அவள் தட்டில் பாதி சாசேஜ்,
மீதிப் பாதி அவர் தட்டில்.
கண், பல், ஈறு, பாதம்:
ஒரு குறையும் எழுத முடியவில்லை.

"எதற்காக முனகினாள்?"
"குதிரைக்காக. மூன்று நாளாய்."
"உங்களுக்குக் கேட்கவில்லையா?"
அவர் ஜன்னலோரம் இருந்த ரேடியோவைக் காட்டினார்.
சத்தத்தைக் கூட்டும் குமிழ்
கடைசிவரை திருகப்பட்டிருந்தது.

ஜூனில் தீர்ப்பு.
ஐந்தாண்டுகள் எந்த விலங்கையும்
வைத்திருக்கக் கூடாது.
'எந்த' என்பதற்குள் நெல்லும் அடக்கம்.

இந்த முறை காகிதத்தில் 'லாம்' இல்லை.
என்னைத்தான் அனுப்பினார்கள்.
நல்ல வெயில். கதவு அகலத் திறந்திருந்தது.
சமையலறைவரை போனேன்,
யாரும் தடுக்கவில்லை.
அவளுடைய தட்டைக் கழுவித்
துணியில் சுற்றி வைத்திருந்தார்.

ஜீப்பின் பின்கதவைத் திறந்தேன்.
கூப்பிடக்கூட இல்லை,
ஒரே தாவலில் ஏறிக்கொண்டாள்,
ஆடு மேய்க்கத்தான் போகிறோம் என்று.