பதினோரு கரண்டி

கார்த்திகை மழை மூன்றாம் நாள்
முருகன்குறிச்சிக் கடைக்குள் கணுக்கால் தண்ணீர்.
கீழ்த்தட்டுச் சாமானை மேலே ஏற்றும்போது
ஓர் அட்டைப்பெட்டி அடி பிய்ந்து
பொலபொலவென்று கொட்டியது.
பித்தளைக் கரண்டிகள். எண்ணினேன், பதினொன்று.

கரண்டி என்றால் குழம்புக் கரண்டி இல்லை.
கட்டைவிரல் நீளத் தகடு, நடுவில் லேசாய்க் குழிவு,
வாலில் முக்கூர் முள்.
கண் வரையவில்லை, செதில் வரையவில்லை,
வயிற்றுக்குள் குலுங்க ஒரு குண்டு கிடையாது.
விலைச்சீட்டில் நாற்பது ரூபாய்,
பாதியைக் கரப்பான் தின்றிருந்தது.

“இன்னுமா கெடக்கு இந்தச் சவம்?”
முதலாளி ஞானதிரவியம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்,
“எடைக்குப் போட்டுரும்வே.”

வருகிறவன் எல்லாம் தவளை கேட்கிறான்.
ரப்பர்த் தவளை, பச்சை முதுகு, மஞ்சள் வயிறு,
இழுத்தால் காலை உதைத்துக்கொண்டு
அமலைச் செடிமேல் தாவும்.
போனில் எவனோ அதைப் போட்டுத்
தொடை தண்டி வெறால் தூக்கினான்,
மறுநாள் மத்தியானத்துக்குள்
கடையில் இருபத்தாறு தவளை காலி.
மேலப்பாளையத்துப் பீர்முகம்மது
ஒரு தவளைக்கு முந்நூற்றெண்பது எண்ணி வைத்துவிட்டு
பஸ்சுக்குச் சில்லறை கேட்பான்.

தவளையைக் குறை சொல்ல மாட்டேன்.
செடிக்குள் அது ராசா.
கரண்டியை அங்கே எறிந்தால்
ஒரு கூடைக் குப்பையோடு திரும்பும்.
ரெண்டு தடவை திரும்பியிருக்கும்,
அதற்குள் ஊரெல்லாம் கெட்ட பேர்.

ஞாயிறு, மழை வெறித்த காலை.
மானூர் போகிற வழியில் ஒரு குளம்,
பெயர் சொல்லப்போவதில்லை.
கரை நெடுக ஏழெட்டுப் பேர்,
ஏழெட்டுத் தவளை, அமலைமேல் தொப், தொப்.
வெறாலுக்கே அலுத்திருக்கும்.
தென்கோடியில் மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது.
அங்கே ஓர் எருமை மட்டும்
கழுத்துவரை முங்கி நின்றது.

கல்லுக்கும் நுரைக்கும் நடுவே எறிந்தேன்.
முதல் கரண்டி பாறை இடுக்கோடு போச்சு.
நாற்பது ரூபாய்.
இரண்டாவதை உடனே இழுக்காமல்
கொஞ்சம் விழவிட்டேன்.
விழும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது,
அடிபட்ட கெண்டைக்குஞ்சாய்ப் புரண்டு
ஒரு மினுக்கு,
இருட்டு,
கீழே இன்னொரு மினுக்கு.
இத்தனை வருசம் அலமாரியில்
ஆணியில் தொங்கவிட்டு
அசையாமல் பார்த்திருக்கிறோம் இதை.

வாளை.
கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது.
இடதுகால் செருப்பு மறுகாலோடு போனது.
ஒரே தடவை மேலே வந்து
அகன்ற வாயை, நீள மீசையை,
நாடா மாதிரி நெளிந்த வெள்ளை விலாவைக் காட்டிவிட்டுத்
தங்கூசை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

முள்ளின் எதிர்முள்ளை
முன்னமே குறட்டால் நசுக்கியிருந்தேன்.
ரெண்டு உதறலில் கழன்றுவிடும்.
கழன்றிருக்கும்.
எருமை காதை மட்டும் ஆட்டியது.

திங்கள் காலை பீர்முகம்மது வந்தான்.
“நேத்து மறுகால் பக்கம் நின்னியளாமே அண்ணாச்சி,
எதுல கடிச்சுது?”
கை தானாக மேல்தட்டுக்குப் போனது.
“தவளைதான். மஞ்ச வயிறு.”
எண்ணி வைத்தான்.
சில்லறை கொடுக்கும்போது
அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் போனதும் சரக்கு நோட்டைப் புரட்டி
கரண்டி என்ற வரியில்
‘தீர்ந்தது’ என்று எழுதினேன்,
நானூற்று நாற்பதை என் சம்பளத்தில் பிடித்தம் போட்டு.

மிச்சம் ஒன்பதும்
சோற்றுத் தூக்கின் மேலடுக்கில் கிடக்கின்றன.
வண்ணார்பேட்டை வளைவில் பஸ் குலுங்கும்போதெல்லாம்
கலகலவென்று காட்டிக்கொடுக்கும்.
பக்கத்து சீட்டுப் பெரியநாயகி டீச்சர்
நேற்றுக் கேட்டேவிட்டார்,
“ஒரு ஆளு சோத்துக்கு
எத்தன கரண்டி கொண்டு போறீய?”